ஆர்டருக்கு கவிதை எழுதுறவ

எங்க காலேஜ்ல எனக்கு ரெண்டு வேலை. ஒண்ணு தமிழ் பாடம் எடுக்கது, அதுக்கு சம்பளம் உண்டு. இன்னொண்ணு ஆஸ்தான கவிஞர், அதுக்கு ஆர்டரும் இல்ல சம்பளமும் இல்ல, ஆனா லீவு போட முடியாத வேலை அதுதான். ஜூன்ல புது பிள்ளைகளுக்கு வரவேற்பு, பொறவு ஆகஸ்ட் 15, ஆசிரியர் தினம், ஓணத்துக்கு அத்தப்பூ போட்டா பக்கத்துல சார்ட்டுல ஒட்ட நாலு வரி, நவம்பர் 1 வந்தா நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1956ல தமிழ்நாட்டோட சேர்ந்த கதை, அதுக்கு மேல கிறிஸ்மஸ், பொங்கல், ஆண்டு விழா. இதுக்கு நடுவுல யார் ரிட்டயர் ஆனாலும் வாழ்த்து மடல், யார் வீட்டுல எழவுன்னாலும் இரங்கற்பா. ஆபீஸ்ல இருந்து போன் வரும், "டீச்சரே, கெஸ்ட் வள்ளியூர் தாண்டிட்டாவளாம், சின்னதா ஒரு கவிதை போதும்". வள்ளியூருக்கும் எங்க காலேஜுக்கும் இடையில எழுதின கவிதை நெறய இருக்கு எனக்கிட்ட, அதெல்லாம் எங்கேயும் போட மாட்டேன்.

இலக்கிய கூட்டத்துக்கு போனா இதை சொல்லவே கூச்சமா இருந்த காலம் ஒண்ணு உண்டு. ஆர்டருக்கு எழுதுறது கவிதையா, அது பிளெக்ஸுக்கு வாசகம் எழுதுற மாதிரி தானேன்னு ஒரு பேச்சு எப்பவும் இருக்கும். இப்ப அந்த கூச்சம் இல்ல. ஏன் இல்லன்னு சொல்லத்தான் இந்த போஸ்ட்.

முதல்ல இந்த பதவியோட பழைய கதைய பாத்துருவோம், ஏன்னா இது ராஜாக்கமாருக்க அரண்மனையில மட்டும் இருந்த வேலைன்னு நாம நெனச்சிட்டு இருக்கோம். ஐரோப்பாவுல யுனிவர்சிட்டிகளுக்கும் இதுல பெரிய பங்கு உண்டு. இத்தாலிக்காரர் பெட்ரார்க்குக்கு ரோம்ல இருந்தும் பாரிஸ் யுனிவர்சிட்டில இருந்தும் ஒரே நாள்ல கடிதம் வந்துச்சாம், வாங்க உங்களுக்கு கவிஞர் கிரீடம் வைக்கிறோம்னு. அவரு ரோமை எடுத்துக்கிட்டாரு, 1341 ஏப்ரல் 8ஆம் தேதி அங்க வச்சு தலையில லாரல் இலை வளையம் ஏறிச்சு. (லாரல்னா நம்ம பிரியாணில கிடக்க இலை இல்ல, அது பட்டை வகை. ஒரே குடும்பம், வேற மரம்.) பொறவு இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டு யுனிவர்சிட்டி ஜான் ஸ்கெல்டன்னு ஒரு கவிஞருக்கு லாரியட்டுன்னு, அதாவது லாரல் சூடினவருன்னு பட்டமே குடுத்துச்சு, இது 1480கள் கடைசியில. அதாவது படிச்சு வாங்குற பட்டம் மாதிரி. ராஜாவுக்கான லாரியட்டுன்னு முறைப்படி ஆள் போட்டது எல்லாம் 1668ல டிரைடன்ங்கிற கவிஞர்ல இருந்துதான்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச ஆளு இங்கிலீஷ் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். 1843ல எழுபது வயசு தாண்டின பொறவு அந்த பதவி வருது, எனக்கு வேண்டாம் வயசாச்சுன்னு மறுக்காரு. நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம் பேரு மட்டும் இருந்தா போதும்னு பிரதம மந்திரியே உறுதி குடுத்த பொறவுதான் ஒத்துக்கிட்டாரு. சரி தப்பிச்சாருன்னு பாத்தா 1847ல கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டிக்கு விக்டோரியா ராணிக்க வீட்டுக்காரர் ஆல்பர்ட்டு சான்சலரா வாறாரு, அதுக்கு ஒரு வாழ்த்துப்பா வேணும்னு கேட்டுட்டாங்க. அந்த நேரம் பாத்து அவருக்க மக டோரா சாகக் கிடக்கா. அந்த பாட்டுல பெரும்பகுதி எழுதினது டோராவுக்க வீட்டுக்காரர்தான்னு சொல்லுவாங்க. சான்சலர் வந்தாரு, பாட்டு பாடியாச்சு, அதே ஜூலை மாசம் டோராவும் போயிட்டா. எப்பெல்லாம் ஆபீஸ்ல இருந்து அவசர போன் வருதோ அப்பெல்லாம் எனக்கு அந்த மருமகன் ஞாபகம் வரும், பெண்டாட்டி அந்த நிலைமையில கிடக்கும்போது சான்சலருக்கு அடைமொழி தேடிட்டு இருந்த மனுஷன்.

நம்ம பக்கம் வந்தா, சர்க்காருக்கு அரசவைக் கவிஞர்னு 1949ல நாமக்கல் கவிஞரை போட்டாங்க, 1978ல எம்.ஜி.ஆர். கண்ணதாசனை போட்டாரு. யுனிவர்சிட்டிக்கு கவிஞர்னு ஆள் போடுற வழக்கம் இங்க பெருசா இல்ல, வெளிநாட்டுல சில இடத்துல இப்பவும் இருக்கு. ஆனா நமக்கு இன்னொரு யோகம், எங்க மாவட்டத்து காலேஜுகள் சேர்ந்திருக்க யுனிவர்சிட்டிக்கே கவிஞர் பேருதான். 1990ல திருநெல்வேலில தொடங்கினது, மனோன்மணீயம் சுந்தரனார் பேருல. ஆலப்புழைல பிறந்து திருவனந்தபுரத்துல தத்துவம் சொல்லிக்குடுத்த வாத்தியாரு, 1891ல வந்த நாடகத்துல கடவுள் வாழ்த்தா வச்ச பாட்டுதான் 'நீராருங் கடலுடுத்த'. இதனால எனக்கு ஒரு கஷ்டம் என்னன்னா, எந்த விழாவுலயும் என் கவிதைக்கு முன்னாடி மேடையேறி இருக்குறது அவருதான். தமிழ்த்தாய் வாழ்த்து முடிஞ்சு எல்லாரும் உக்காருவாங்க, அடுத்தது நான். சுந்தரனாருக்கு பொறவு பாட யாருக்குத்தான் தைரியம் வரும்.

அது போதாதுன்னு கவிமணி தேசிக விநாயகம் பிள்ளைக்க ஊரு தேரூரு வேற பக்கத்துல. கவிமணியும் வாத்தியாரா இருந்தவருதான், அந்த கவிமணி பட்டம் 1940ல கிடைச்சது. அவரு எழுதினதுலயும் வாழ்த்து உண்டு, இறந்தவங்களுக்கு பாடினது உண்டு. இந்த ஊர்ல இது ஒரு வாத்தியார் வேலை, அவ்வளவுதான். நீ தமிழ் படிச்சவ, நாலு வரி எழுதிக்குடு. கம்பவுண்டர்கிட்ட தலைவலிக்கு மாத்திரை கேக்குற மாதிரிதான் கேப்பாங்க.

பிரச்சினை எங்க வருதுன்னா, எல்லாருக்கும் ஒரே மாத்திரை குடுக்கும்போதுதான். கல்விக் கடலே கருணை மலையேன்னு ஒண்ணு எழுதி வச்சிட்டு பேரை மட்டும் மாத்துறது. இதைவிட கொடுமை பேர்ல உள்ள எழுத்து ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வரிக்கு தொடக்கமா வரணும்னு கேப்பாங்க பாருங்க, அது. கண்ணன் வேலப்பன்னா எப்படியாவது ஒப்பேத்தலாம். நம்ம மாவட்டத்துல கிறிஸ்டோபர்னு ஒருத்தர் ரிட்டயர் ஆனா 'ஸ்'ல தொடங்குற வரிக்கு நான் எங்க போவேன், புள்ளி வச்ச எழுத்து சொல்லுக்கு முதல்ல வராதுன்னு தொல்காப்பியத்தை காட்டி தப்பிக்க வேண்டியதுதான்.

எனக்கு இந்த வேலை மேல மரியாதை வந்தது கெமிஸ்ட்ரி லேப்ல இருந்த அண்ணனாலதான். லேப் அட்டெண்டரா சேர்ந்து அதே லேப்ல ரிட்டயர் ஆனவரு. மடல் எழுதணும், அவரைப் பத்தி என்ன தெரியும்னு டிப்பார்ட்மெண்டுல கேட்டா "நல்ல மனுஷன்"ங்கிறதுக்கு மேல ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல. சரின்னு நானே லேபுக்கு போனேன். அவரு பியூரெட்டை தலைகீழா மாட்டி காய வச்சிட்டு இருந்தாரு. "எனக்கு எதுக்கு டீச்சரே கவிதை, அதெல்லாம் பிரின்சிபாலுக்கு எழுதுங்க"ன்னாரு. நான் ஸ்டூலை இழுத்து போட்டு உக்காந்தேன். பேச்சு எங்கேயோ போயி கடைசியில கையைக் காட்டினாரு. விரல் நுனில எல்லாம் கரும்புள்ளி. சில்வர் நைட்ரேட், தோல்ல பட்டா வெளிச்சத்துல கறுத்துரும், சோப்பு போட்டாலும் போகாது, தோல் உரிஞ்சுதான் போகணும். பிராக்டிக்கல் எக்ஸாம் சமயம் கல்யாணம் வச்சிருந்தாவளாம், முந்தின நாள் வரை சொல்யூஷன் கலக்கிட்டு அப்படியே போயி தாலி கட்டியாச்சு. பொண்ணு அந்த விரலைப் பாத்து என்னதுன்னு கேட்டிருக்கு, இவரு மருதாணி கொஞ்சம் கூட பிடிச்சிட்டுன்னு சொல்லியிருக்காரு. இதை சொல்லிட்டு சிரிச்ச சிரிப்பு இருக்கே.

மடல்ல நான் எழுதினது இது:

வெள்ளி நைட்ரேட் விரலில் ஏற்றிய
கருப்பு மறையுமுன் கல்யாண நாள்வரத்
தாலி வாங்கினவள் தலைகுனிந் திருந்தே
மையோ என்றாள், மருதாணி என்றார்.

ஆசிரியப்பான்னு சொல்லிக்கலாம், நைட்ரேட்டுக்கு மட்டும் யாப்பு தெரிஞ்சவங்க மன்னிக்கணும். மேடையில வாசிச்சப்ப முன்வரிசையில இருந்த அவருக்க வீட்டுக்காரி "பொய்யி, நான் அப்பவே கண்டுபிடிச்சேன்"னு சத்தமா சொன்னாவ. பொறவு ஹால்ல ஒரே சிரிப்பு. கருணை மலைன்னு எழுதியிருந்தா அந்த அம்மா வாயே திறந்திருக்க மாட்டாவ.

இப்படி போயி கேக்குறது ஆர்டர் கவிதைல மட்டும்தான் நடக்கும்னு எனக்கு தோணுது. என் பாட்டுக்கு வீட்டுல இருந்து எழுதினா மழை, ரப்பர் தோட்டம், என் அம்மைன்னு என் வட்டத்துக்குள்ளயே சுத்திட்டு இருப்பேன், சில்வர் நைட்ரேட் என் கவிதைக்குள்ள வர வழியே இல்ல. அதே மாதிரிதான் ஆண்டு விழாவுக்கு நம்ம மாவட்டத்து கல்விப் பெருமைய பாடுங்கன்னு ஒரு தடவை கேட்டாங்க. எல்லாரும் மிஷனரிகள்ல இருந்து தொடங்குவாங்க, நான் முஞ்சிறை பக்கம் பார்த்திவபுரம் வரை பின்னால போனேன். அங்க 9ஆம் நூற்றாண்டுலயே ஆய் அரசன் கருநந்தடக்கன் கோயிலோட ஒரு சாலை வச்சான், சாலைன்னா அந்த காலத்து ஹாஸ்டலோட கூடின காலேஜ்னு வச்சுக்கோங்க, 95 சட்டர்கள், அதாவது மாணவர்கள், தங்கிப் படிக்க இடம், காந்தளூர்ச் சாலை மாதிரியேன்னு செப்பேட்டுல இருக்கு. பசங்களுக்கு ஒழுங்கு விதியெல்லாம் கூட அதுல உண்டு. இதை பாட்டுல வச்சதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி, அப்பவே மெஸ் உண்டா மிஸ்னு ஒருத்தன் கேட்டான்.

ஆனா எல்லா ஆர்டரையும் ஏத்துக்கவும் கூடாது. உயிரோட பொறுப்புல இருக்கவங்களை புகழ்ந்து எழுதுறதுல எனக்கு இஷ்டமில்ல, ரிட்டயர் ஆகட்டும் எழுதலாம்னு சொல்லிருவேன். அதனால சில பேருக்கு என்மேல கோவம் உண்டு, இருக்கட்டும். இரங்கற்பா மட்டும் எந்த நேரம் கேட்டாலும் மறுக்கதில்ல.

இந்த வருஷம் பிரின்சிபால்கிட்ட ஒண்ணு கேட்டு வாங்கியிருக்கேன். இனி இது என் வேலை இல்ல, மூணாம் வருஷ பிள்ளைகள்ல ஒருத்தருக்கு ஒரு வருஷத்துக்கு, முறையா ஆர்டரோட. இங்கிலாந்துல கூட 1999க்கு பொறவு ஆயுசுக்கும்னு குடுக்கதில்ல, பத்து வருஷம்தான், நமக்கு ஒரு வருஷம் தாராளம். நிபந்தனையும் நானே எழுதினேன். கெஸ்ட் வள்ளியூர் தாண்டின பொறவு கேக்கக்கூடாது, நாலு நாள் முன்னாடி சொல்லணும். யாருக்கு மடலோ அவங்களை நேர்ல போயி பாக்க கிளாஸ்ல இருந்து பெர்மிஷன் குடுக்கணும். பேர் எழுத்து வச்சு வரி தொடங்கச் சொல்லக்கூடாது.

முதல் ஆளா வந்திருக்கது குளச்சல் பக்கத்து பொண்ணு, பிசிக்ஸ் படிக்கா, தமிழ் டிப்பார்ட்மெண்டுல கொஞ்சம் முணுமுணுப்பு உண்டு. சேர்ந்த அன்னைக்கே அவ கேட்ட கேள்வி, "டீச்சரே, இதுக்கு இங்க என்ன தருவாவ?" அங்க லண்டன்ல லாரியட்டுக்கு சம்பளத்தோட ஷெர்ரி ஒயினும் உண்டுன்னு எங்கேயோ படிச்சிட்டு வந்திருக்கா. கேன்டீன்ல டீயும் மட்டிப்பழமும்னு சொன்னேன். பழம்பொரியும் வேணும்ங்கா. பேசிட்டு இருக்கோம்.