இருநூறு பிரதிகளில் இரண்டு

பெற்றோரிடமிருந்து வரும் ரத்த நோயான தலசீமியாவுக்கான பரிசோதனை முடிவோடு வருபவர்கள் முதலில் கேட்பது, "அப்ப எங்க ரத்தத்துலயே குறையா?" என்றுதான். கூட வரும் பெரியவர் சில நேரம் இன்னும் நேராகக் கேட்பார்: "இவங்கல்லாம் பிள்ளை பெத்துக்காம இருந்தா நோய் ஒழிஞ்சிடும்ல?"

சிங்கப்பூரில் மரபணு ஆலோசனை வேலைக்கு வருபவர், இதற்கான கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரு மரபணுவின் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வரும் நோய் ஒன்று, 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் 2 பிரதிகள். நோயில்லாமல் ஒரே ஒரு பிரதியைச் சுமக்கும் கேரியர்களோ ஏறக்குறைய 198 பேர். ஆக, 200 பிரதிகளில் நோயாளியிடம் இருப்பவை இரண்டுதான். எல்லா நோயாளிகளையும் பிள்ளை பெறாமல் தடுத்தாலும் அந்த மரபணு பாதியாகக் குறைய 100 தலைமுறை, அதாவது சுமார் 2,500 ஆண்டுகள் ஆகும். இந்தக் கணக்குக்கு அடிப்படையான, மரபணுப் பிரதிகள் மக்களிடையே எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்லும் ஹார்டி-வைன்பெர்க் விதி 1908இலேயே வந்துவிட்டது. அப்படியிருந்தும் 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடை செல்லும் என்றது.

நம் ஊரிலும் 1984இல், குறைவாகப் படித்த இளம் தாய்மார் கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்றார்கள். பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை என்றார்கள். படிப்புச் சான்றிதழை மரபணுவாக எண்ணியது பெரும் தவறு. அந்த முன்னுரிமை மறு ஆண்டே கைவிடப்பட்டது.

எங்கள் வேலை வேறு என்று சொன்னால் மட்டும் போதாது, செய்முறையிலும் அது தெரிய வேண்டும். சிவப்பணுவின் சராசரிப் பருமன் (எம்சிவி) 80 ஃபெம்டோலிட்டருக்குக் கீழே, ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 3.5 விழுக்காட்டுக்கு மேலே என்றால் பீட்டா வகைத் தலசீமியா கேரியராக இருக்கலாம். இரும்புச்சத்து குறைந்தால் ஏ2வும் இறங்கி உண்மையை மறைத்துவிடும். அதனால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும். ஆல்ஃபா வகை கேரியருக்கு ஏ2 சரியாகவே இருக்கும், டிஎன்ஏ சோதனைதான் வழி. துணைவரையும் உடனே சோதிக்க வேண்டும். கருவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்கும் நஞ்சுக்கொடித் திசுச் சோதனை கர்ப்பத்தின் 11ஆம் வாரத்திலிருந்து, பனிக்குட நீர்ச் சோதனை 15ஆம் வாரத்திலிருந்து. தாமதித்தால் யோசிக்க நேரமே இருக்காது.

இருவரும் ஒரே வகை கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. "நாலுல ஒண்ணு" என்று மட்டும் சொன்னால், முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மாமியாரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். தம்பதியோடு தனியே பேசுங்கள். "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள், எது அவர்களைப் பயமுறுத்துகிறது என்று கேளுங்கள். கேரியரின் கூடப்பிறந்தவர்களும் கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர்களுக்குச் சொல்லும்படி ஊக்கப்படுத்தலாம், ஆனால் சொல்ல வேண்டியவர் சோதனை செய்துகொண்டவர்தான்.