வீட்டு வீடியோவில் முதலில் காப்பாற்ற வேண்டியது குரலை

கைத்தொலைபேசி வந்த பிறகு வீட்டுக் கொண்டாட்டம் எதுவும் படம் பிடிக்கப்படாமல் போவதில்லை. பிறந்தநாள், சாமத்திய வீடு, காலி வீதியால் வரும் ஆடிவேல் தேர், கனடாவிலிருந்து வந்த மாமி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அழுவது எல்லாமே நீளம் நீளமான துண்டுகளாகத் தொலைபேசிக்குள் கிடக்கின்றன. அவற்றை இரண்டாம் முறை இருந்து பார்ப்பவர்தான் இல்லை. பத்து நிமிடத் துண்டில் பார்க்கத்தக்கது ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தைத் தேடும் பொறுமை பார்ப்பவருக்கு இருக்காது. அந்தத் தேடலை ஒருவர் முன்கூட்டியே செய்து வைப்பதற்குத்தான் எடிட்டிங் என்று பெயர். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்ததால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மடிக்கணினியின் முன் இருந்து பழகியவற்றை இங்கே எழுதுகிறேன்.

மென்பொருளைப் பற்றி முதலிலேயே சொல்லி முடித்துவிடலாம், ஏனெனில் பலர் எதைத் தெரிவு செய்வது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். எங்கள் வயதுக்காரருக்கு இந்த வேலை விண்டோஸ் மூவி மேக்கர் என்ற பெயரோடுதான் அறிமுகமானது. 2000ஆம் ஆண்டில் விண்டோஸ் மீ உடன் வந்த அதை மைக்ரோசொஃப்ட் 2017 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இன்று அதே பெயரைச் சொல்லி இணையத்தில் கிடைப்பவற்றைத் தரவிறக்காமல் விடுவதே நல்லது. 2021இல் மைக்ரோசொஃப்ட் வாங்கிய கிளிப்சாம்ப் இப்போது விண்டோஸ் 11 உடன் சேர்ந்தே வருகிறது, இலவசப் பதிப்பிலேயே 1080பி தரத்தில், மூலையில் எந்த முத்திரையும் விழாமல், படத்தை வெளியே எடுக்க விடுகிறது. அப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஐமூவி இருக்கிறது. 1999இல் வந்த அது இன்றும் தொடக்கக்காரருக்கு மிக இலகுவானவற்றில் ஒன்று. ஷொட்கட், ஓப்பன்ஷொட், கேடன்லைவ் ஆகிய மூன்றும் திறந்த மூல மென்பொருட்கள். காசு கேட்பதில்லை, விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகின்றன. டாவின்சி ரிசோல்வ் என்பதற்கும் இலவசப் பதிப்பு உண்டு, திரைப்பட வண்ணக்காரர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் 8 ஜிபி நினைவகம் கொண்ட சாதாரண மடிக்கணினியில் அதைத் திறந்தால் விசிறியின் இரைச்சல்தான் மிஞ்சும். நான் ஷொட்கட்டில் நிலைத்தேன். பழைய கணினியில் ஓடுகிறது, கணக்குத் திறக்கச் சொல்வதில்லை, இணைப்பு அறுந்த நேரத்திலும் வேலை நிற்பதில்லை.

எந்த மென்பொருளாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான், அதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், நாம் வைக்கும் துண்டு அசல் வீடியோ அல்ல. இந்தக் கோப்பின் இந்த வினாடியிலிருந்து இந்த வினாடி வரை காட்டு என்ற ஒரு குறிப்பு மட்டுமே. எவ்வளவு வெட்டினாலும் அசல் கோப்பில் ஒரு வினாடிகூடக் குறைவதில்லை. நாம் சேமிக்கும் புரொஜெக்ட் கோப்பும் அந்தக் குறிப்புகளின் பட்டியல்தான், ஆகவே அது மிகச் சிறியதாக இருக்கும். அதை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வேறு கணினிக்குப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கோப்புறை திறந்து, வீடியோ, படம், இசை அனைத்தையும் அதற்குள் பிரதி செய்த பிறகே தொகுக்கத் தொடங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வேலை தொடங்கிய பின் அந்தக் கோப்புகளின் பெயரையோ இடத்தையோ மாற்றக் கூடாது.

ஷொட்கட்டில் தொடக்கத்துக்குத் தேவையான விசைகள் மிகச் சில. எஸ் விசை துண்டை இரண்டாக வெட்டும். எக்ஸ் விசை தேவையற்ற பகுதியை நீக்கி, பின்னால் உள்ளவற்றை முன்னே இழுத்து இடைவெளியை மூடும். இசட் விசை நீக்கிவிட்டு இடைவெளியை அப்படியே விடும். ஒரு துண்டின் நுனியை மற்றொன்றின் மேல் சற்று ஏற்றி வைத்தால் ஒன்றிலிருந்து ஒன்று கரைந்து மாறும். பக்கம் புரள்வது, இதய வடிவில் விரிவது, சுழன்று மறைவது போன்றவை பட்டியலில் வரிசையாக இருந்தாலும் அவற்றைத் தொடாமல் இருப்பதே அழகு என்பது என் தீர்ப்பு. தொண்ணூறுகளில் கொழும்பில் எடுக்கப்பட்ட கலியாண வீடியோக்களைப் பார்த்தவர்கள், மணமகள் தாமரைப் பூவுக்குள்ளிருந்து எழும்பி வருவதைப் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

அந்தக் கலியாண வீடியோக்களைப் பற்றி எனக்கு வேறொரு வருத்தமும் உண்டு. தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். இன்று இல்லாத பெரியப்பாவும் சின்னம்மாவும் அந்தப் படத்தில் சிரிக்கிறார்கள், யாரையோ கூப்பிடுகிறார்கள், வாய் அசைகிறது. ஆனால் அந்தக் குரல் எங்கேயும் இல்லை. முகத்துக்குப் புகைப்படம் இருக்கிறது. குரலுக்கு வீடியோவை விட்டால் எங்கள் வீடுகளில் வேறு பதிவே கிடையாது. ஆகவே வீட்டு வீடியோவைத் தொகுக்கும்போது படத்தைப் பார்த்து வெட்டாமல், கேட்டு வெட்ட வேண்டும் என்பதே நான் பழகியவற்றில் எனக்கு முக்கியமானது.

அதைக் கற்றுத்தந்தது அம்மா பயற்றம் பணியாரம் செய்ததைப் பதிவு செய்த வீடியோ. வறுத்த பயற்றம் மாவில் தேங்காய்ப்பூவும் மிளகு சீரகத் தூளும் சேர்த்து, பாகு விட்டுக் குழைத்து, சூடு ஆறும் முன்னர் உருண்டை பிடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் தொலைபேசியோடு குறுக்கே நின்ற என்னைப் பார்த்து, “முகத்தை எடுக்காதை பிள்ளை, கையை எடு” என்றார். திரைப்படம் தொகுப்பவர்கள் சொல்லும் ஆலோசனையும் அதுதான். ஒருவர் பேசும் முகத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, நடுவில் திக்கிய இடத்தையோ தொலைபேசி மணி அடித்த இடத்தையோ நீக்கினால், அந்த இடத்தில் தலை துள்ளி விழும். கை, அடுப்பு, தாச்சி, தட்டில் அடுக்கிய உருண்டைகள் என்று தனித்தனியாகச் சில வினாடிகள் எடுத்து வைத்திருந்தால், அவற்றை மேல் தடத்தில், அதாவது டைம்லைனில் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ள வரிசைகளில் மேலே உள்ளதில், போட்டு அந்தத் துள்ளலை மறைக்கலாம். கீழே குரல் அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஷொட்கட்டில் துண்டிலிருந்து ஒலியைத் தனியே பிரித்தெடுக்கும் வசதி இருப்பதால், படத்தை ஓரிடத்திலும் ஒலியை வேறோர் இடத்திலும் வெட்டுவது இலகு. அடுத்தவர் பேசத் தொடங்கிய ஒரு வினாடிக்குப் பிறகு அவர் முகத்தைக் காட்டினால், நிஜத்தில் நாம் குரல் கேட்ட பக்கம் திரும்பிப் பார்ப்பது போலவே அது அமையும்.

ஒலியில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கடற்கரையோரமாக ஓடும் ரயில் பாதைக்கு அருகில் குடியிருப்பவர்களின் எந்தப் பதிவிலும் ரயில் வந்துவிடும். வசனத்தின் நடுவில் வெட்டினால் ரயிலின் ஓசையும் பாதியில் அறுந்து, அடுத்த துண்டின் அமைதி காதில் அறைவதுபோல் விழும். ரயில் போகும் வரை படத்தை ஓடவிட்டு, ஓசை தேய்ந்த பிறகு வெட்டுவது ஒரு வழி. முடியாத இடங்களில், யாரும் பேசாத நேரத்துச் சமையலறையின் ஒலியை, அதாவது மின்விசிறியும் தூரத்துப் பஸ்களும் சேர்ந்த அந்த முணுமுணுப்பை, அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்து, எல்லாத் துண்டுகளுக்கும் அடியில் ஒரு தடமாக ஓடவிட்டால் தையல் தெரியாது. ஒவ்வொரு ஒலித்துண்டின் இரு நுனிகளையும் மிகச் சிறிதாக மங்கச் செய்வதும் உதவும். பின்னணி இசை அவசியம் என்றால், பேச்சு வரும் இடங்களில் இசையை ஏறத்தாழ 20 டெசிபெல் கீழே இறக்க வேண்டும். சினிமாப் பாட்டைப் போட்ட வீடியோவை யூடியூபில் ஏற்றினால், அங்கே தானாக இயங்கும் உரிமைச் சோதனை அதைக் கண்டுபிடித்துவிடும். யூடியூபின் சொந்த இசைத் தொகுப்பிலிருந்து எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

படத்தைப் பொறுத்தவரை, வெளிச்சத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அதைத் தொகுக்கும்போது திருத்துவது கடினம். இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஆகவே குழாய் விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மங்கித் துலங்குகின்றன. பெரும்பாலான தொலைபேசிகளோ வினாடிக்கு 30 சட்டங்கள் (ஃபிரேம்கள்) என்ற கணக்கில் படம் பிடிக்கின்றன. இரண்டும் பொருந்தாதபோது திரையில் கருமையான பட்டைகள் மெல்ல நகரும். ஐபோனின் கமரா அமைப்பில் பால் (PAL) என்ற வீடியோ முறையைக் காட்டும்படி தெரிவு செய்தால் வினாடிக்கு 25 சட்டங்கள் கிடைக்கும். ஷட்டர் வேகத்தை மாற்ற முடிந்த தொலைபேசிகளில் வினாடியின் ஐம்பதில் அல்லது நூறில் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டைகள் மறைந்துவிடும். தொலைபேசிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: சட்டங்களின் வேகத்தை வெளிச்சத்துக்கு ஏற்பத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நீளமான பதிவுகளில் இதனால் வாயும் குரலும் விலகிப்போகலாம். அத்தகைய கோப்பைத் திறந்தவுடன், தொகுக்க ஏற்ற வடிவுக்கு மாற்றட்டுமா என்று ஷொட்கட் கேட்கும். நேரம் எடுத்தாலும் சம்மதிப்பது நல்லது.

பழைய விஎச்எஸ் கசெட்டுகள் தனிக் கதை. கொழும்பின் ஈரக்காற்றில் அலுமாரிக்குள் கிடந்த கசெட்டின் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருந்தால், அதை வீட்டில் மிஞ்சியிருக்கும் டெக்கில் போட்டுப் பார்க்கக் கூடாது. டெக்கின் ஹெட்டும் கெட்டு, அடுத்துப் போடும் கசெட்டுகளிலும் அது பரவும். டிஜிட்டலாக மாற்றித் தரும் கடைகளில் முதலில் சுத்தம் செய்வார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. மாறி வந்த படம் 720க்கு 576 அளவில் இருக்கும்; ஒவ்வொரு சட்டமும் ஒன்றுவிட்ட கோடுகளால் ஆன இரண்டு பாதிகளின் சேர்க்கை என்பதால், யாராவது கையை வீசும்போது ஓரங்களில் சீப்புப் பற்கள் போலக் கோடுகள் தெரியும். மென்பொருளில் அதற்கான தெரிவைச் சரியாக வைத்தால் அவை அடங்கும். பழைய படம் நாலுக்கு மூன்று என்ற அளவில் இருப்பதால் இன்றைய அகலத் திரையில் இரு பக்கமும் கறுப்பு விழும். அதை விழவிட வேண்டும். திரை நிறைய வேண்டும் என்று இழுத்தால் மெலிந்த மாமாக்கள் எல்லாம் பருத்துவிடுகிறார்கள்.

தலைப்புகளைத் தமிழில் போட விரும்புபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில மென்பொருட்கள் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்காமல், ஒற்றைக் கொம்பை எழுத்துக்கு முன்னால் வைப்பதற்குப் பதிலாகப் பின்னால் வைத்துவிடும். இங்கே பலரும் தட்டெழுதப் பழகிய பாமினி எழுத்துரு வேறொரு வகைத் தொல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரொஜெக்ட்டைத் திறந்தால் பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். யூனிகோடில் தட்டெழுதி, விண்டோஸுடன் வரும் நிர்மலா எழுத்துருவையோ, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழையோ பயன்படுத்தினால் போதும். அப்போதும் எழுத்து உடைந்தால், தலைப்பை வேறொரு மென்பொருளில் பின்னணி இல்லாத படமாகச் செய்து மேல் தடத்தில் வைக்கலாம். தலைப்பில் உறவுமுறையை எழுதாமல் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுகிறேன், ஏனெனில் என் பிள்ளைகளுக்கு அம்மம்மாவாக இருப்பவர் ஸ்காபரோவில் இருக்கும் தம்பியின் பிள்ளைகளுக்கு அப்பம்மா.

வெளியே எடுக்கும்போது எச்.264 வடிவில், எம்பி4 கோப்பாக, 1080பி அளவில் எடுத்தால் எந்தத் தொலைக்காட்சியிலும் ஓடும். வினாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மெகாபைட் வரும். அதை வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் விருப்பத்துக்குச் சுருக்கி, அத்தனை உழைப்பையும் மங்கலாக்கிவிடும்; ஆவணமாக இணைத்து அனுப்பினால் 2 ஜிபி வரை உள்ள கோப்பு அப்படியே போய்ச் சேரும். படம் முடிந்ததும் அசல் துண்டுகளை அழித்துவிடலாம் என்ற ஆசை வரும். இடம் முக்கியமா என்று கேட்டால் முக்கியம்தான். ஆனாலும் அந்தக் கோப்புறையை முழுதாக வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்து, இயன்றால் இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வைக்கிறேன்.

இப்போது எடுத்திருப்பது ஆடிவேல் பதிவுகள். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் வேல் தேரை நானும் மகளும் இரண்டு தொலைபேசிகளில், வீதியின் இரண்டு பக்கங்களில் நின்று எடுத்தோம். இதில் பேச்சு இல்லை, நாதஸ்வரமும் தவிலும்தான். இசையை வெட்டி ஒட்டினால் தாளம் தவறுவது எவருக்கும் கேட்டுவிடும். ஆகவே இரண்டில் நல்ல ஒலி உள்ள பதிவை முழுதாக, ஒரு வெட்டும் இல்லாமல் கீழே போட்டுவிட்டு, மற்றப் பதிவின் படங்களை மட்டும் மேலே வைக்க வேண்டும். இரண்டையும் பொருத்துவதற்கு ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், தவிலின் பலமான அடி ஒவ்வொன்றும் கூர்மையான முள்ளாகத் தெரிகிறது. இரண்டு தடங்களிலும் ஒரே முள்ளைக் கண்டுபிடித்து நேருக்கு நேர் வைத்துவிட்டு, மகளின் தொலைபேசியின் ஒலியை அணைத்துவிட்டால் மீதி வேலை தொடங்கலாம்.