ஜன்னல் வழியா தூக்கிப் போடறதுக்கும் ஒரு வார்த்தை

ஒருத்தரை ஜன்னல் வழியா வெளிய தூக்கிப் போடறதுக்குன்னே இங்கிலீஷ்ல தனியா ஒரு வார்த்தை இருக்குங்க, டீஃபெனஸ்ட்ரேஷன். லத்தீன்ல ஃபெனஸ்ட்ரான்னா ஜன்னல். (நம்ம ஜன்னலே போர்ச்சுகீஸ்காரங்க குடுத்துட்டுப் போன சொல்தான், அது வேற கதை.)

இந்த வார்த்தைக்குப் பேர் போன ஊரு பிராக், இன்னைக்கு செக் நாட்டோட தலைநகர். 1618 மே 23, மதச் சண்டை முத்திப்போய் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கோட்டைக்குள்ள நுழைஞ்சு, அப்ப ஆண்ட புனித ரோமப் பேரரசரோட கத்தோலிக்க அதிகாரிங்க ரெண்டு பேரையும், கூடவே பாவம் அவங்க செக்ரட்டரியையும் ஜன்னல் வழியா வீசிட்டாங்க, கிட்டத்தட்ட 21 மீட்டர் உயரம், ஆனா மூணு பேருமே பொழச்சுக்கிட்டாங்க! மாதா தாங்கிப் புடிச்சாங்கன்னு கத்தோலிக்கர்கள் சொல்ல, அட போங்கப்பா குப்பைமேட்டுல விழுந்தானுங்கன்னு எதிராளிங்க சொல்ல, ஒரே கூத்து. செக்ரட்டரிக்கு அப்புறம் பிரபு பட்டம் வேற கெடச்சுது, அதுல சேர்த்த பேரு 'ஹோஹன்ஃபால்', அதாவது உயரத்துலேர்ந்து விழுந்த விழுகை. செம குசும்பு! ஆனா ஐரோப்பாவையே உலுக்குன முப்பதாண்டுப் போர் ஆரம்பிச்சதும் இதுலேர்ந்துதான்.

இப்பல்லாம் பதவிலேர்ந்து ஒருத்தரை சட்டுனு தூக்குனாலும் இந்த வார்த்தையைப் போடறாங்க, கம்ப்யூட்டர் ஆளுங்க விண்டோஸை அழிச்சுட்டு லினக்ஸ்ங்கற வேற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டா அதுக்கும் கிண்டலா இதேதான்.