கிராக்கோவ் ஷிண்ட்லர் தொழிற்சாலை: டிக்கெட் விஷயத்தில் ஏமாறாதீர்கள்

போலந்தின் கிராக்கோவ் நகருக்குப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது தன்னிடம் வேலை பார்த்த யூதர்களை நாஜிகளிடமிருந்து காப்பாற்றிய ஆஸ்கர் ஷிண்ட்லரின் ஆலை அங்கே இப்போது அருங்காட்சியகம். 'ஷிண்ட்லர் தொழிற்சாலைச் சுற்றுலா' என்று யாராவது பணம் வாங்கினால், உள்ளே போகும் டிக்கெட்டும் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியின் சதுக்கத்தில் வெண்கல நாற்காலிகளைக் காட்டினார்கள், அங்கிருந்து லிபோவா தெரு 4-ஆம் எண், ஆலை வாசலுக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள், ஜன்னல்களில் இருக்கும் உயிர் பிழைத்தவர்களின் படங்களைக் காட்டிப் பத்து நிமிடம் பேசினார்கள், அவ்வளவுதான், முடிந்தது என்றார்கள். கவுன்ட்டரில் அன்றைய டிக்கெட் தீர்ந்துபோயிருந்தது. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால், 'வெளியிலிருந்து பார்ப்பது என்றுதானே போட்டிருக்கிறோம்' என்கிறார். பல வருஷம் நினைத்திருந்து வந்த இடம், வாசலோடு திரும்பினால் எப்படி இருக்கும்?

இரவு முழுக்க அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ரத்து செய்த ஒரு இடம் மறுநாள் காலைக்குக் கிடைத்தது. உப்புச் சுரங்கத்துக்கு ஒதுக்கியிருந்த பொழுது அது, போகட்டும் என்று விட்டேன்.

உள்ளே எல்லாமே ஷிண்ட்லரைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பெரும்பகுதி 1939 முதல் 1945 வரை ஜெர்மானியர் பிடியில் இருந்த நகரத்தின் கதை. அவருடைய அறை கடைசிப் பக்கம்தான் வருகிறது, அதனால் முன்னாலேயே களைத்துவிடாமல் இரண்டு மணி நேரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேசை, வரைபடம், அப்புறம் எனாமல் பாத்திரங்கள் அடுக்கிய ஒரு கண்ணாடிக் கூண்டு. நான் நகராமல் நின்றது அங்கேதான். லாபம் பார்க்க வந்த நாஜிக் கட்சிக்காரர் அவர். ராணுவத்துக்குச் சட்டியும் தட்டும் செய்கிற ஆலை போருக்குத் தேவையானது என்று ஆனதால்தான் அங்கே வேலை பார்த்த யூதர்களைக் காட்டி, 'இவர்கள் எனக்கு வேண்டும்' என்று அவரால் கேட்க முடிந்தது. 1944-இல் சோவியத் படை நெருங்கியதும் ஒரு பட்டியலில் இருந்த ஏறக்குறைய 1,200 பேரை இன்றைய செக் நாட்டிலுள்ள புருன்லிட்ஸ் ஆலைக்குக் கொண்டுபோனார். சுமார் 300 பெண்கள் ரயிலில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அவர்களையும் மீட்டுக் கொண்டுவந்தார். அவர் மனைவி எமிலியைப் பற்றியும் படித்துவிட்டுப் போங்கள். 1945 ஜனவரியில் உறைந்துபோய் மூடிக்கிடந்த சரக்கு ரயில் பெட்டிகளிலிருந்து இறக்கிய யூதக் கைதிகளுக்குப் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தவர் அவர்.

அந்த கெட்டோ சதுக்கத்தில் ததேயுஷ் பான்கேவிச்சின் மருந்துக்கடை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, அதையும் பாருங்கள். யூதரல்லாத அவர் கெட்டோவுக்குள்ளேயே தன் கடையை நடத்தினார்.

வெளியே வந்தபோது வாசலில் இன்னொரு குழு நின்றுகொண்டிருந்தது, அதே மாதிரி ஜன்னல்களைக் காட்டிப் பேச்சு. ஓரமாக நின்ற வயதான தம்பதியிடம் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, தெரியாது என்றார்கள். உடனே கவுன்ட்டருக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். மாலை நேரத்துக்கு இரண்டு கிடைத்தன.