ஒரு மொழி, பல 'என்ன'
1973 டிசம்பர் 18 அன்று ஐ.நா. பொதுச்சபை அரபியைத் தன் அலுவல் மொழியாக ஏற்றது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்சிமொழி அது. ஆனால் என்னை வியக்க வைப்பது வேறு. செய்தியிலும் புத்தகத்திலும் உள்ள 'ஃபுஸ்ஹா' என்ற எழுத்து அரபி யாருக்கும் வீட்டுமொழி இல்லை, பள்ளியில்தான் கற்கிறார்கள். 'என்ன' என்று கேட்க கெய்ரோவில் 'ஏ', பெய்ரூத்தில் 'ஷூ', பாக்தாத்தில் 'ஷினு'. மொராக்கோக்காரர் வேகமாகப் பேசினால் ஈராக்கியர் திணறிப்போவார். எகிப்துப் பேச்சு மட்டும் எங்கும் புரியும். எல்லாம் சினிமாவும் பாட்டும் செய்த வேலை! எழுத்து ஒன்று, பேச்சு வேறு என்ற இந்த வாழ்க்கை நமக்கும் பழக்கம்தானே. அப்புறம் வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல் என்று தினமும் நாமே கொஞ்சம் அரபி பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.