22 ஆண்டு உழைப்பும் ஒரு படிவமும்

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் என் அத்தான் 22 ஆண்டுகளாக வேலை பார்த்த அச்சகம் சென்ற மாதம் நொடித்துப்போனது. வழக்கம்போல் காலை ஏழு மணிக்குப் போனவர், இழுத்துச் சாத்தியிருந்த இரும்புக் கதவில் ஒட்டிய அறிவிப்பைப் படித்து முடித்ததும், பழக்க தோஷத்தில் அந்தத் தாள் எத்தனை கிராம் என்று விரலால் தடவிப் பார்த்தாராம்.

நான்கு நிறங்களும் ஒன்றின்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்திருக்கின்றனவா என்று உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து, மையை ஒரு பொட்டு கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிற ஆஃப்செட் தொழிலாளி அவர். கட்டணச் சீட்டுகள் கைப்பேசிக்குப் போயின. உணவகப் பட்டியல்கள் கியூஆர் கட்டங்களாயின. கொவிட் காலத்தில் நின்றுபோன கல்யாணப் பத்திரிகை வேலை பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. இதையெல்லாம் அத்தான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

என் மனத்தை அறுப்பது வேறு. சிங்கப்பூரில் ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது நடைமுறைதானே தவிர, வேலை ஒப்பந்தத்திலோ தொழிற்சங்க உடன்பாட்டிலோ எழுதப்படாவிட்டால் அதைக் கேட்டு வாங்கும் உரிமை கிடையாது. நிறுவனம் கலைக்கப்படும்போது சம்பள பாக்கிக்கும் மத்திய சேம நிதிச் சந்தா பாக்கிக்கும் சாதாரணக் கடன்காரர்களைவிட முன்னுரிமை உண்டு என்பது உண்மையே. ஆனால் தவணையில் வாங்கிய அச்சு இயந்திரத்தை அதற்குப் பணம் கொடுத்தவர்கள் முதலிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டால், அந்த முன்னுரிமையை வைத்துப் பங்கிட மிச்சம் என்ன இருக்கும்? குறைந்தபட்ச இழப்பீட்டையாவது சட்டம் கட்டாயமாக்க வேண்டும், நிறுவனம் நொடித்தாலும் அது தொழிலாளியின் கைக்கு வந்துசேர ஒரு பொது நிதி வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2025 ஏப்ரலில் அரசு தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில், தகுதி உள்ளவர்களுக்கு ஆறு மாதங்களில் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கிடைக்கும். அத்தானை அதற்கு விண்ணப்பிக்க வைத்துவிட்டோம். அது பெரிய ஆறுதல்தான், ஆனால் 22 ஆண்டு உழைப்புக்கு உரிய தொகை அதுவல்லவே.

நேற்றிரவு தோ பாயோ வீட்டில் அக்காள் பழைய பிஸ்கட் டின்னிலிருந்து சம்பளச் சீட்டுகளை எடுத்துத் தர, நொடித்த நிறுவனத்தின் கணக்கை முடிக்கும் கலைப்பாளருக்குக் கொடுக்கவேண்டிய படிவத்தை நான் நிரப்பினேன். வரவேண்டிய தொகை என்ற இடத்தில் ஒன்றரை மாதச் சம்பளத்தை எழுதினேன். ஒப்பந்தத்தை இரண்டு முறை புரட்டிப் பார்த்தும் இழப்பீடு பற்றி ஒரு வரிகூட இல்லை. அத்தான் கையெழுத்துப் போட்டார். நாளைக் காலை படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.