ஓவியம் படிக்கிறாள் எங்கள் பிள்ளை

அண்ணன் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் ஓவியத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. சிபிஎஸ்இ-யில் அதற்கு எழுத்துத் தேர்வு 30, செய்முறை 70. ராஜஸ்தானி, பஹாரி, முகலாயம், தக்காணம், வங்காளப் பாணி என்று படிக்க நிறையவே இருக்கிறது.

போன ஞாயிறு கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்குக் கூட்டிப் போனேன். பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள். சாய்ந்த வெயிலில்தான் புடைப்புச் சிற்பத்தின் நிழல் ஆழமாக விழும் என்று அவளே சொல்லி, கரித்துண்டால் வரைந்தாள். கோடு அவ்வளவு உறுதி! (அவள் அப்பாவும் பார்த்திருக்க வேண்டும்.) அடுத்து திருநந்திக்கரைக் குகைக்கோயில், சுவரோவியம் மங்கிப்போய்க் கொஞ்சம்தான் மிச்சம், அதையும் பார்க்கட்டும்.

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. மக்களே, தைரியமா விண்ணப்பம் போடு. ஃபீஸைச் சித்தப்பா பார்த்துக்கிடுதேன்.